கிருமிக்குச் சொந்த ஊர் கேட்டவர்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, 'என்னய்யா இப்படிக் கத்துகிறாய்' என்று என்னைக் கேட்கக் கூடாது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று. இரண்டாயிரத்துப் பதின்மூன்றோ பதினான்கோ. பேச வந்தவர் திரையில் இந்திய வரைபடத்தைக் காட்டினார். நாடு முழுக்க நீலம், அங்கங்கே சில சிவப்புப் புள்ளிகள். எச்.ஐ.வி. கிருமியில் பல வகை உண்டு, நம் நாட்டில் பெரும்பாலும் 'சி' வகைதான், அதுதான் நீலம் என்றார். சிவப்பெல்லாம் வேறு வகைகள். இரண்டு வகை கலந்து உண்டானவையும் அதில் அடக்கம். கேள்வி நேரம் வந்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"சார், அந்தச் செவப்புப் புள்ளியெல்லாம் எந்த ஊர்க்காரங்க சார்?"

மண்டபமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய ஜனம் இது. பெயரைக் கேட்பதற்கு முன் 'சொந்த ஊர் எது?' என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். கிருமியைக்கூட விட்டுவைக்கவில்லை.

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? அந்த வீட்டைக் கதையில் நான் பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டினேன்.

2

முதல் வரி: 'செங்கமலம் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே

இல்லை. அடித்துவிட்டேன். நோய் வந்த பெண் என்றால் முதல் வரியிலேயே அழுதாக வேண்டுமா?

இன்னொன்று: 'விதி அவள் வாழ்க்கையில்

மண்ணாங்கட்டி விதி.

சரி, இப்படி ஆரம்பிக்கிறேன். செங்கமலம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். வடக்கேயிருந்து நிலக்கரி மைன்ஸ் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த ஆட்கள் சாப்பிடும் மெஸ்ஸில் அவள் சமையல். சாம்பார் கொதிப்பதற்குள் ஒரு மலை சப்பாத்தி போட்டுவிடுவாள். அவள் புருஷன் கொளஞ்சிநாதனும் மைன்ஸில் கான்ட்ராக்ட்தான். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை வாருகிற வேலை. அவனுக்கு விடாத காய்ச்சல் வந்தபோது சோதித்ததில் இரண்டு பேருக்குமே எச்.ஐ.வி. என்று தெரிந்தது. ஒன்பதாவது படிக்கிற மகள் மலர்விழிக்கு இல்லை.

யாரிடமிருந்து யாருக்கு என்று இருவரும் பேசிக்கொண்டதே கிடையாது. பேசாததால்தான் குடும்பம் ஓடியது. மாதா மாதம் ஒன்றாகக் கடலூர் போவார்கள், மாத்திரை வாங்குவார்கள், திரும்பும்போது மகளுக்குத் தின்பண்டம் வாங்குவார்கள். இந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. கதைக்காரன் கையில் அமைதி எத்தனை நாள் தங்கும்?

3

கடலூர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. நாட்டில் எந்தெந்த வகைக் கிருமி எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. கையெழுத்து வாங்கிக்கொண்டு இவர்கள் ரத்தத்தையும் எடுத்தார்கள். எடுத்தவள் அபி, டவுன்ஷிப்பில் வளர்ந்த பெண். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போனபோது, எங்க ரத்தத்துல இன்னா பாத்தீங்க என்று செங்கமலம்தான் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாதா? தன் ரத்தத்தைப் பற்றி அவள் கேட்காமல் வேறு யார் கேட்பது!

"அக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே வகைதான். ஆனா இந்தப் பக்கத்துல நாங்க அதிகம் பாக்காத வகை!" அபியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பயப்படாதீங்க. வகை எதுவா இருந்தாலும் மாத்திரை அதேதான். ஒங்களுக்கு நல்லாவே வேலை செய்யுது."

கொளஞ்சிநாதன் கேட்டான்: "இந்தப் பக்கத்துல இல்லன்னா, எந்தப் பக்கத்துது மேடம்?"

"வடக்க சில எடத்துல பாத்திருக்காங்க..."

அதற்குள் யாரோ கூப்பிட, அவள் ஓடிவிட்டாள்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, ஆத்திரத்தில் இங்கேயே போடுகிறேன்: கிருமியின் வகை, யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்லாது. வடக்கே பார்த்த வகை என்பதால் வடக்கத்தி ஆள் கொடுத்தது என்று ஆகாது. அது உடம்பு உடம்பாக எத்தனையோ ஊர் தாண்டி வரும். அபிக்கு இது நன்றாகத் தெரியும். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்குச் சொல்லத்தான் ஆளில்லை.)

திரும்பும் பஸ் குள்ளஞ்சாவடியைத் தாண்டியது. கொளஞ்சிநாதன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்.

"நான் வடலூரத் தாண்டி ஒரு நாளு வேலைக்குப் போனதில்ல. ஒம் மெஸ்ஸுல துன்றவன்லாம் எந்த ஊருக்காரன்?"

செங்கமலத்துக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவன் பக்கம் திரும்பினாள். அடப்பாவி மனுஷா, இவ்வளவு நாளாக இதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தாயா?

4

[இங்கே நான் ஒரு வேலை செய்தேன். கல்யாணத்துக்கு முன் கொளஞ்சிநாதனை போர்வெல் போடுகிற வண்டியில் நாக்பூர்ப் பக்கம் அனுப்பினேன். அதை அவன் மறைத்துவிட்டான், செங்கமலம் கையும் களவுமாகப் பிடிக்கிறாள். எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன், அவ்வளவு திருப்தி. வந்து படித்தால் சீ என்று ஆகிவிட்டது. நானும் கிருமிக்குச் சொந்த ஊர் தேடியிருக்கிறேன்! வெட்டினேன்.

பிரசவத்தின்போது அவளுக்கு ஏற்றிய ரத்தத்தில் வந்தது என்று எழுதிப் பார்த்தேன். அதையும் வெட்டினேன். எதற்கு இத்தனை பாடு? அவள் உத்தமி என்று நான் சான்றிதழ் கொடுக்க வேண்டுமாம். சரி, மெஸ்ஸில் ஒருவனை அவளுக்குப் பிடித்தே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மாத்திரை கிடையாதா? வீடு கிடையாதா? பெற்ற மகள் கிடையாதா?]

5

ஞாயிற்றுக்கிழமை காலை கொளஞ்சிநாதனின் தம்பி மணிமாறன் வந்தான். மைன்ஸில் பர்மனென்ட். கான்ட்ராக்ட் அண்ணன் வீட்டில் பர்மனென்ட் தம்பி பேச்சுக்குத்தான் மரியாதை. சாமி படத்துக்கு முன் தட்டை வைத்துக் கற்பூரம் ஏற்றினான்.

"அண்ணி, பெருசா ஒண்ணும் கேக்கல. வெளியாளு சகவாசம் எனக்கு இல்லன்னு கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ணிடுங்க. இந்தப் பேச்ச இத்தோட வுட்டுடலாம். இல்லன்னா காடாம்புலியூருக்கு, ஒங்க அம்மா வூட்டுக்குக் கெளம்பிடுங்க. மலரு இங்க இருக்கட்டும்."

மலர்விழியின் பெயர் காதில் விழுந்ததும் செங்கமலத்தின் கை தானாகவே தட்டை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, வாயில இன்னா கொழுக்கட்டயா? நீங்க சொல்லுங்க."

"பண்ணிட்டுப் போயேன். ஒனக்கு இன்னா கஷ்டம்?"

6

முடிவு, ஒன்று: அவள் கற்பூரத்தை அணைக்கிறாள். வீடு அமைதியாகிறது. அவனுக்கு அடுத்த காய்ச்சல் வரும்வரை. அன்றைக்கு இன்னொரு கற்பூரம்.

முடிவு, இரண்டு: தட்டைப் புருஷன் பக்கம் தள்ளுகிறாள். அவனும் கூசாமல் அணைக்கிறான். கற்பூரத்துக்கு என்ன, எவன் கை வைத்தாலும் அணையும்.

முடிவு, மூன்று: தட்டை எட்டி உதைத்துவிட்டு மகளோடு வெளியேறுகிறாள். நீங்கள் கை தட்டுவீர்கள். உங்கள் கைதட்டலுக்காக அவள் வீட்டை விட்டுப் போக வேண்டுமா? எழுத மாட்டேன்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு திண்டாடுகையில் அவளே பேசினாள்.

"பண்ண மாட்டேன். தப்பு செஞ்சிருந்தாலும் பண்ண மாட்டேன், செய்யலன்னாலும் பண்ண மாட்டேன். இது எம் வூடு. எம் பொண்ணு எங்கூடதான் இருக்கும்."

"அப்ப ஒத்துக்கிறீங்க," என்றான் மணிமாறன்.

செங்கமலம் தட்டைக் கையில் எடுத்தாள். புருஷனிடம் நீட்டவில்லை, என்னிடமும் நீட்டவில்லை. இரண்டாம் பகுதியிலிருந்து யார் யாருக்குக் கொடுத்தார் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறீர்களே, உங்களிடம் நீட்டுகிறாள்.

அபி அன்றைக்கு இரண்டு விஷயம் சொன்னாள். 'இந்தப் பக்கத்துல அதிகம் பாக்காத வகை' என்றாள். 'வகை எதுவா இருந்தாலும் மாத்திரை அதேதான்' என்றாள். உங்கள் மனசில் நின்றது எது? கொளஞ்சிநாதன் பிடித்துக்கொண்ட அதே முதல் விஷயம்தானே?

இல்லை என்றால், அணைத்து சத்தியம் பண்ணுங்கள். சீக்கிரம். தட்டு அவள் கையைச் சுடுகிறது.