ஜெயம்மாளைப் பார்ப்பவர்கள்

தை மாதம் அறுப்பு முடிந்த வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காவாந்தண்டலத்து ஜெயம்மாளுக்கு மூச்சு நின்றது. உத்திரமேரூரிலிருந்து குட்டி யானை வேனில் ஐஸ் பெட்டி வந்து இறங்குவதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்து, தன்னைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்களை வெயிலில் உட்கார வேண்டாம் என்றாள். சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள், கழுத்தைத் தொட்டாள், மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்த்தாள். துடிப்பும் இல்லை, மூச்சும் இல்லை. கொடுத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டு, பிரஷர் மாத்திரையை இனிமேல் நிறுத்திவிடலாம் என்று சொல்லிப் போனாள். ஐஸ் பெட்டி வந்த வண்டியிலேயே திரும்பியது. என்ன ஜெபம் சொல்வது என்று தெரியாமல் பாஸ்டர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து ஜெயம்மாளுக்குப் பசியில்லை, தூக்கமில்லை, உடம்பில் சூடு இல்லை. மூட்டுவலி மட்டும் இருந்தது.

வசந்த்குமார் அவளுக்கு ஒரே பிள்ளை. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. கேமரா அவனுக்குப் பொழுதுபோக்கு என்று பேர், பொழுதெல்லாம் அதிலேதான் போயிற்று. அது வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். அவன் அப்பா ஏசுதாஸ் இறந்தபோது வீட்டில் அவர் தனியாக இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. உயிரோடு இருக்கிறவரைத் தனியாக உட்கார வைத்துப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. ஆகவே யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அவரை வெட்டி எடுத்துக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தார்கள். அவர் தோளின் மேல் யாருடையதோ ஒரு கை, மோதிரத்தோடு, மணிக்கட்டு வரைக்கும் தங்கிவிட்டது. காரியம் முடியும்வரை அந்தக் கை தெருமுனையில் அப்பாவோடு நின்றது. வசந்த்குமாருக்கு அது அவமானமாக இருந்தது. அம்மாவுக்கு இப்படி நடக்க விடக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டான்.

செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினான். முகம் எடுப்பதற்கென்றே எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ் ஒன்று வாங்கினான். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் வைப்பதற்கு மனைவி சுகிர்தாவின் ஊறுகாய் டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டான், அவள் அதை இன்றுவரை மறக்கவில்லை. ஒரு நாள் நடவு முடிந்து வந்த அம்மாவை, முழங்கையில் சேறு காய்ந்திருக்கும்போதே, வாசற்படியில் உட்கார வைத்தான். ஒரு பக்கம் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பினான்.

“சிரிக்கட்டா?” என்றாள்.

“வாணாம்மா. சும்மா என்னப் பாரு.”

அவள் பார்த்தாள். அந்தப் படம் அப்படி வந்துவிட்டது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அவள் நம்மைத்தான் பார்ப்பாள், அதுவும் நாம் என்னவோ சொல்ல வந்து மறந்துவிட்டது போல. பேனருக்கென்று எடுத்ததைப் பெட்டியில் வைத்திருந்தால் வம்பில்லை. சென்னையில் ஒரு போட்டோ கிளப் நடத்திய போட்டிக்கு அனுப்பினான், முதல் பரிசு வந்தது. ஹாலில் மாட்டினார்கள், கிளப்பின் இணையப் பக்கத்தில் போட்டார்கள், அங்கிருந்து அது புறப்பட்டு ஊர் உலகமெல்லாம் போயிற்று. மண்ணின் தாய் என்று ஒருவர் பேர் வைத்தார், உழைப்பின் கோடுகள் என்று இன்னொருவர். வசந்த்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. கிளப் ஆட்களோடு சேர்ந்து புஷ்கர், காசி, ஹம்பி என்று லீவு கிடைத்தபோதெல்லாம் ரயிலேறி, அந்தந்த ஊர்க் கிழவர்களின் சுருக்கங்களைச் சுமந்து வந்தான். அம்மாவுக்கு மூச்சு நின்ற தகவல் அவனுக்கு ஹம்பியில், டிரைபாடை மடித்துக்கொண்டிருந்தபோது வந்தது.

காரணம் தெரிய ஆனி மாதம் ஆயிற்று. அந்த மாதம் சின்னராசுவுக்கும் மூச்சு நின்று, அவரும் எழுந்து உட்கார்ந்தார். சின்னராசு ஏரிப் பாசனத்தில் நிலபுலன் உள்ளவர். ஜெயம்மாள் ஆயுசுக்கும் நாற்று நட்டது அவர் கழனியில்தான். போன வருஷம் அவர் மகன் தினகரன் வசந்த்குமாரைத் தேடி வந்து, தன் அப்பாவையும் அதே மாதிரி எடுக்கச் சொல்லியிருந்தான். அந்தக் குடும்பத்து ஆள் இந்தத் தெருவுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. கேமரா கார்டில் இடம் போதாமல் வசந்த்குமார் ஏதோ ஒரு பயணத்தின்போது அந்தப் படத்தை அழித்துவிட்டான். உயிரோடு இருக்கிறவரைச் சுவரில் மாட்டக் கூடாது என்பதால் தினகரன் பிரிண்டும் போடவில்லை, போனைத் திறந்தால் தெரிகிற முகப்புப் படமாக மட்டும் வைத்திருந்தான். பெரியவர் எழுந்து உட்கார்ந்து சில நாள் கழித்து, அவன் மோட்டார் போடக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து அந்தப் போன் கிணற்றில் விழுந்தது. வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சின்னராசு அதே நேரத்தில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சாய்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

சாவுக்குப் போய்வந்த மகனை ஜெயம்மாள் பக்கத்தில் கூப்பிட்டாள். “பாத்தியா நைனா. படம் பூட்ச்சி, பெரியவரும் நிம்மதியா பூட்டாரு. என் படத்தயும் அழிச்சிடு.”

“இன்னாம்மா பேசற?”

“மூஞ்சி மேல ஈ ஊர்ற மாரி கீதுடா. எந்நேரமும் எவனாவது பாத்துக்கினே கீறான். கண்ண மூட வுட மாட்றாங்க. என்னால முடில.”

அவனுக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் கேட்டது அம்மா. தன்னிடம் இருந்ததை அழித்தான். படம் போன வழியிலெல்லாம் அவனும் போனான், இந்தத் தடவை கேமரா இல்லாமல். சென்னை ஹாலில் மாட்டியிருந்ததைக் கழற்றி வாங்கினான். கோயம்புத்தூரில் காலண்டர் போட்ட அச்சகத்துக்காரரிடம் கெஞ்சினான். மைசூரில் ஒரு காபிக் கடைச் சுவரிலிருந்த அம்மாவைக் கீழே இறக்கியபோது, கல்லாவில் இருந்தவர், “எங்க கடைக்கு இவங்கதான் ராசி” என்று கண் கலங்கினார். அப்புறம்தான் அவன் அந்தத் தப்பைச் செய்தான். இது என் அம்மா, இந்தப் படத்தால் சாக முடியாமல் கிடக்கிறாள், தயவு செய்து எல்லோரும் அழித்துவிடுங்கள் என்று உருக்கமாக எழுதி, எந்தப் படம் என்று தெரிய வேண்டுமே என்று கிளப்பின் பக்கத்திலிருந்து அதையும் எடுத்துச் சேர்த்து இணையத்தில் போட்டான். படித்தவர்கள் அழுதார்கள், அழுதவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள்.

அந்த ஆடி மாதத்தை அந்த வீடு மறக்காது. ஜெயம்மாளால் இமைக்கவே முடியவில்லை. பட்டப்பகலில், ஜன்னல் சாத்திய அறையில், போன் வெளிச்சம் போல ஒரு நீலம் அவள் முகத்தில் விழுந்தபடியே இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் சுவரிலிருந்து விழுந்தது. பார்ப்பவர்களை அவளும் பார்த்தாள். பனி பெய்கிற ஊரில் ஒரு பொம்பளை பார்த்துவிட்டு அழுகிறாள் என்பாள். ஆஸ்பத்திரி வரிசையில் குந்திக்கொண்டு ஒருத்தன், மார்க்கெட்டில் கறி வெட்டுகிற ஒருத்தன், பேச்சு வராத ஒரு குழந்தை என்று சொல்லிக்கொண்டே போவாள். சுகிர்தா முந்தானையால் மாமியார் முகத்தை மூடுவாள். துணியின் மேலேயும் அந்த நீலம் தெரியும். சுகிர்தாவுக்குப் பயம் விட்டுப்போய், இரக்கம் மட்டும் மிஞ்சியது.

வசந்த்குமார் தான் போட்டதை எடுத்துவிட்டான், மற்றவர்களும் ஒவ்வொருவராக அழித்தார்கள், உலகத்துக்குப் பார்க்க வேறு முகங்கள் வந்தன. மழை பிடித்த பிறகு நீலம் விட்டு விட்டு விழுந்தது. கார்த்திகையில் ஜெயம்மாள் ஒரு பொழுது முழுக்கக் கண்ணை மூடிக் கிடந்தாள். மார்கழியில் அவள் உடம்பு லேசாகி, சுகிர்தா ஒரே கையால் புரட்டித் துடைக்கும்படி ஆயிற்று. படம் இப்போது மிச்சமிருந்தது அந்த கிளப்பின் பக்கத்தில் மட்டும். கிளப்காரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டதால் அதை எடுக்கும் வழி யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அங்கே யாரும் போவதில்லை. போகிறார்களா என்று வசந்த்குமார் தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது திறந்து பார்த்துக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்த கையோடு சுகிர்தா கேட்டாள்: “அத்த, இப்ப எத்தினி பேரு?”

“ஒர்த்தன்தாம்மா. தெனம் காத்தால, பஸ்ஸு வர்ற நேரத்துக்கு.”

சுகிர்தா புருஷனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அந்த ஒருத்தன் தான்தான் என்று அதுவரைக்கும் அவனுக்கு உண்மையிலேயே தோன்றவில்லை.

“அவன ஒண்ணும் சொல்லாத” என்றாள் ஜெயம்மாள். “அவனே வுட்டுடுவான்.”

திங்கட்கிழமை போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனான். கம்பெனியில் அவன் செய்த எந்தப் பாகமும் அன்றைக்கு அளவுக்கு வரவில்லை. மத்தியானமே லீவு சொல்லி வீட்டுக்கு வந்தான். அம்மா கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். முகத்தில் எந்த வெளிச்சமும் இல்லை. நெற்றிச் சுருக்கங்கள்கூடத் தளர்ந்திருந்தன. மூட்டை நீவிக்கொண்டே இருக்கும் அந்தக் கை சும்மா கிடந்தது. சுகிர்தா வாசலில் நின்று மெல்லச் சொன்னாள்: “நல்லா தூங்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்னு நெனக்கிறேன். பாஸ்டருக்குச் சொல்லி அனுப்சிட்டேன். நீங்க எய்ப்பிடாதீங்க.”

சரி என்றான். கட்டிலோரம் உட்கார்ந்தான். அம்மாவின் காலைத் தொட்டான், ஏரித் தண்ணீர் மாதிரி இருந்தது. அவள் கேட்டது இதைத்தான், இதற்காகத்தான் மைசூர் வரைக்கும் அலைந்தான். எல்லாம் தெரிந்தும் அவன் கை அலமாரிக்குப் போய்ப் போனை எடுத்தது. சுகிர்தா, “ஐயோ, வாணாங்க” என்பதற்குள் திறந்துவிட்டான். அறைக்குள் நீலம் விழுந்தது. ஜெயம்மாளின் இமை துடித்தது, பிரிந்தது. அவள் மகனை ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டவில்லை. வலிக்கிற மூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, “சாப்ட்டியா நைனா?” என்று கேட்டாள்.

சுகிர்தா அன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்தினாள், மாமியாரோடு மட்டும் பேசுகிறாள். பாஸ்டரிடம் வர வேண்டாம் என்று ஆள் போயிற்று. வசந்த்குமார் கேமராவை விற்றுவிட்டான், போனை விற்கவில்லை. இப்போதும் காலையில் அவன் பஸ்ஸுக்குப் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் ஜெயம்மாளின் முகத்தில் நீலம் விழுந்து கண் திறக்கும். அதே நேரத்துக்குத்தான் தெருக்குழாயில் தண்ணீரும் விடுகிறார்கள். எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாக அவள் கண் திறந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு குடத்தை எடுக்கிறார்கள்.