ஜோடிச் சக்கரம்

உள்ளங்கையில் இருந்த கருப்பு மட்டும் போகவே மாட்டேன் என்றது. சொக்கம்மாள் சீயக்காயைக் குழைத்துத் தேய்த்துப் பார்த்தாள். எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். நெஞ்சில் கன்றிப்போயிருந்த இடத்தைப் புது வேட்டியால் மூடியாயிற்று, முகத்தில் மண்ணைத் துடைத்து விபூதி பூசியாயிற்று. வலது கை மட்டும் அப்படியே இருந்தது. ரப்பர் கருப்பு, லேசில் விடுமா?

"விடுட்டி, போதும். தோலை உரிச்சிருவ போலிருக்கு," என்றாள் பக்கத்து வீட்டு உலகம்மாள்.

"போகணும்லா ஆச்சி."

"எங்கன போகப் போகுது, விடு."

அவள் கணவர் தில்லைநாயகத்தின் கை அது. இன்று காலை வரை கூடார வண்டி ஓட்டிய கை. யுத்தம் முடிந்தபிறகு பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப்பும், அதன் பின்னால் கட்டி இழுக்கிற இரண்டு சக்கர வண்டியும்தான் அவருடைய பிழைப்பு. இழுவண்டிக்கு மேலே கித்தான் கூரை போட்டு, உள்ளே மடக்குக் கட்டில், ஸ்டவ், தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் வைத்திருந்தார். குற்றாலத்துக்குச் சீசனில் வந்து தங்க இடம் கிடைக்காமல் முழிக்கிற குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போய் ஐந்தருவிப் பக்கம் நிறுத்திவிடுவார். சாரல் கித்தானில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்குவதற்கென்றே மதுரையிலிருந்து ஆள் வரும்.

காலையில் ஆட்களை இறக்கிவிட்டு, வழக்கம்போலச் சக்கரத்தில் சூடு பார்க்கக் கை வைத்திருக்கிறார். டயர் வெடித்துவிட்டது. சக்கரத்து இரும்பு வளையம் தெறித்து நெஞ்சில் அடித்தது. 'அம்மா' என்றுகூடச் சொல்லவில்லை என்று கூட இருந்த தம்பி தாணுமாலயன் சொன்னான். அவன்தான் அந்தப் பக்கம் பழைய டயர் ஒன்றை மாட்டி, அண்ணனை அதே வண்டியில் கிடத்தி, தென்காசி வரை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்து சேர்த்தவன்.

அன்றைக்குப் பார்த்துச் சனிக்கிழமை.

"சனிப்பொணம் தனியாப் போகாதும்பாக. ஒரு கோழிக்குஞ்சுக்குச் சொல்லி விடுங்கய்யா, பாடையில கட்டணும்," என்று உலகம்மாள் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கோழி எதுக்கு ஆச்சி? ஒரு தேங்காய் போதும்," என்றது ஒரு குரல்.

"தேங்காய் என்னத்துக்குக் காணும்? உசிருக்கு உசிருல்லா கேக்கும்!"

சாவு வீட்டில் யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்! ஆளாளுக்கு ஒரு சாஸ்திரம் சொன்னார்கள். சொக்கம்மாள் எதையும் காதில் வாங்காதவள் மாதிரி கணவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நெற்றிப் பொட்டும் தலைப்பூவும் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. அழுகையும் வரவில்லை. அவருடைய இடது கண் முழுசாக மூடாமல், இமைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கீற்றுத் தெரிந்துகொண்டிருந்தது. மூன்று தடவை மூடிவிட்டாள். மூன்று தடவையும் மெல்லத் திறந்துகொண்டது.

"மகளைத் தேடுதாரு பாரு," என்றாள் கால்மாட்டில் இருந்த ஒருத்தி. "குழலு வந்து மொகத்தைக் காட்டாம அந்தக் கண்ணு மூடாது."

ஒற்றை மகள் குழல்வாய்மொழி. புனலூரில் கட்டிக் கொடுத்திருந்தது, இப்போது வயிற்றில் ஐந்து மாசம். மகள் என்றால் அந்த மனுஷனுக்கு உயிர். வாரத்துக்கு ஒரு தடவையாவது மலையைத் தாண்டிப் போய் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க மாட்டார். சனிப்பிணம் யாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகும்? பிரியப்பட்டவர்களைத்தானே கூட்டிக்கொண்டு போகும்? வேண்டாதவர்களையா கூப்பிடும்?

இத்தனை வருஷம் கூடப் படுத்து எழுந்த புருஷனைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்தது. வெட்கக்கேடு, ஆனாலும் வந்தது.

வெளியே ஆண்கள் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"ஆரியங்காவுல மண்ணு சரிஞ்சு ரயிலு நிக்காம். புனலூருக்குத் தந்தி போய்ச் சேர்ந்திருக்கும். அவுக எதுல வருவாக?" என்று யாரோ கேட்டார்கள்.

"ரோடு நல்லாத்தான் இருக்கு. நான் போய்க் கூட்டியாந்துருதேன்," என்றான் தாணு. "சம்பந்தி வீட்டுல பெருசும் சிறுசுமாப் பத்துப் பேரு. ஜீப்பு காணாது. பின்னால கூடார வண்டியையும் கட்டிட்டுப் போறேன்."

"டயரு?"

"வெடிச்ச பக்கம் வேற மாட்டியாச்சு அண்ணாச்சி. இந்தப் பக்கம் இருக்கது கல்லுக் கணக்கா இருக்கு. பட்டன் தேயவே இல்ல."

சொக்கம்மாள் நிமிர்ந்தாள்.

அந்த டயர் வந்த கதை இந்த ஊரில் அவளைத் தவிர வேறு யாருக்கு முழுசாகத் தெரியும்? போன வருஷச் சீசன் முடிந்ததிலிருந்து தில்லைநாயகம் டயர் டயர் என்றே அலைந்தார். அடுத்தவர் பெண்டு பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி, ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று அவருக்கு அப்படி ஒரு கவனம். புது டயருக்குத் திருநெல்வேலியில் சொல்லிவைத்து, சொல்லிவைத்து, வாய் வலித்ததுதான் மிச்சம். பழசுக்கே புதுத் தோல் ஒட்டி ரீட்ரெட் போடலாம் என்று சொன்னவர்களிடம், "பாதி மலையில தோலு உரிஞ்சு தொங்கும், வேண்டாம்பா" என்றுவிட்டார். கடையநல்லூர் வியாபாரி மசூது, பட்டாளத்துப் பழைய டயர் ரெண்டு காட்டினாராம். பார்க்கப் புத்தம் புதுசு. நகத்தால் அமுக்கிப் பார்த்தால் பக்கமெல்லாம் வெடிப்பு. "இருந்த இடத்துலயே கெழடு தட்டிட்டுட்டி," என்று இவளிடம் வந்து சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் சுரண்டைச் சந்தையில் அவர் கண்ணில் பட்டது டயர்வண்டி. மாடு இழுக்கிற வண்டிதான், கீழே ரப்பர் டயர் போட்டது. முப்பது மூட்டை நெல்லை ஏற்றிக்கொண்டு, தடத்தில் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது.

"முப்பது மூட்டை தாங்குதது என் வண்டியத் தாங்காதா?" என்று ஒரு ஜோடியைச் சக்கரத்தோடு வாங்கி மாட்டிவிட்டார். இரண்டும் ஒரே நாளில் வந்தவை, ஒரே அச்சில் வார்த்தவை. அன்றைக்கு ஊரே வந்து மெச்சிவிட்டுப் போயிற்று.

மாட்டிய முதல் நாளே சூடு கூடியது. அவர் ஒவ்வொரு நடைக்கும் இறங்கிக் கை வைத்துப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது அந்தக் கை அடுப்பங்கரையில் வெந்த கை மாதிரி சிவந்திருக்கும். போன வாரம் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "மாடு நடக்கிற நடைக்குச் செஞ்சது போலிருக்குட்டி இது. கனம் தாங்குது, ஓட்டம் தாங்க மாட்டேங்கு. சீசன் முடியட்டும், மாத்திருவோம்."

சீசன் முடியவில்லை. அதற்குள் அவர் முடிந்துபோனார்.

"தாணுவைக் கூப்பிடுங்க," என்றாள் சொக்கம்மாள். காலையிலிருந்து அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

தாணு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தது.

"கூடார வண்டியைக் கட்டாத. ஜீப்ப மட்டும் கொண்டு போ."

"சம்பந்தி வீட்டாளுகளை எங்கன உக்கார வைக்க மயினி? பாதிப் பேரை விட்டுட்டு வந்தா நாளைக்குக் குழலைத்தான் குத்திக் காட்டுவாக."

"அந்தச் சக்கரமும் போயிரும் தாணு. ரெண்டும் ஒண்ணுபோலத்தான்."

"அது நல்லாத்தான் இருக்கு மயினி. நான் பாத்துட்டேன்." அவன் உலகம்மாள் பக்கம் திரும்பினான். "பாத்துக்கிடுங்க ஆச்சி. மயினிக்கு மனசு ஒரு நெலையில இல்ல."

போய்விட்டான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆண்பிள்ளை இல்லாத அண்ணனுக்கு அவன்தான் கொள்ளி வைக்கவேண்டும். பொழுது சாய்வதற்குள் போய்த் திரும்பவேண்டும். அந்த அவசரத்தில் மலை ரோட்டில் எந்த வேகத்தில் ஓட்டுவான் என்று சொக்கம்மாளுக்குத் தெரியும்.

ஜீப்பைப் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது. கொக்கியில் சங்கிலி மாட்டுகிற சத்தம் கேட்டது. இவள் கண் எதிரே மகள் அந்தக் கித்தானுக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவள் கேட்டேயிராத அந்த வெடிச் சத்தம் காதுக்குள் கேட்டது. குனிந்து பார்த்தாள். அவர் கண் மறுபடி திறந்திருந்தது.

சொக்கம்மாள் எழுந்தாள்.

"ஏட்டி, எங்கன போற? பொணத்தை விட்டு எந்திரிக்கப்படாதுட்டி!" உலகம்மாள் சேலையைப் பிடித்தாள். சொக்கம்மாள் உருவிக்கொண்டு வாசல் இறங்கிவிட்டாள்.

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் நின்ற ஆண்கள் பூராவும் ஒதுங்கினார்கள். புருஷனைக் கிடத்தி வைத்துவிட்டு ஒருத்தி இப்படித் தெருவில் இறங்கி நடப்பதை அவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்? அவள் நேராகப் போய், வெடிக்காத அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தாள். காற்றடிக்கும் பம்பை மிதித்து மிதித்து அந்த வால்வு அவளுக்குப் பழக்கம்தான். மூடியைத் திருகத் தொடங்கினாள்.

"மயினி! பக்கத்துல போகாதீங்க! மயினி!" என்று தாணு ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்தான். நாலு முழத் தூரத்தில் கால் நின்றுவிட்டது.

சொக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குன்னியே தாணு. பொறவு ஏன் அங்கனயே நிக்க?"

அவள் கொண்டை ஊசியை உருவி வால்வுக்குள் குத்தி அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வந்தது. ரப்பர் நாற்றம் முகத்தில் அடித்தது. அவளுக்கும் பயம்தான். அவர் குனிந்த மாதிரியே குனிந்திருக்கிறோம் என்று தோன்றியது. ஊசியை எடுக்கவில்லை. வண்டி அந்தப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, கடைசியில் இரும்பு தரையில் உட்கார்ந்தது.

"இதைக் கழட்டுங்க," என்றாள். "கோழியும் வேண்டாம், தேங்காயும் வேண்டாம். துணைக்கு இது போகட்டும். அவரு வாங்குனதுதானே."

"அதெப்படிம்மா, டயரைப் போய்..." என்று ஒரு பெரியவர் இழுத்தார்.

மண்ணெண்ணெய் கேட்டு அரை மணி நேரமாக ஓரத்தில் நின்ற மாடன், மயானத்தில் விறகு அடுக்குகிறவன், தொண்டையைச் செருமினான். "அம்மா சொல்லுத மாதிரியே செய்யுங்க சாமி. வெறகு பூரா நனைஞ்சு கெடக்கு. டயரு ஒண்ணு வச்சா நின்னு எரியும். இல்லேன்னா ராத்திரி பூரா நான்தான் கெடந்து ஊதணும்."

அதற்குமேல் யார் பேசுவார்கள்! தாணு கொக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஜீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் அவன் திரும்பி வந்தபோது ஜீப்பில் குழல்வாய்மொழியும் மருமகனும் மாமியாரும் மட்டும் இருந்தார்கள். சம்பந்தி வீட்டில் மற்றவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார்களாம். நின்றுவிட்டுப் போகட்டும். சொக்கம்மாள் மகள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கால், பிறகு இன்னொரு கால், வயிற்றில் ஒரு கை. முழுசாக இறங்கிவிட்டாள்.

"மாசமா இருக்கவ பொணத்து மொகத்துல முழிக்கப்படாது," என்று ஆரம்பித்தாள் உலகம்மாள்.

"பெத்த அப்பன் ஆச்சி," என்றாள் குழலு. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. போய் அப்பா கால்மாட்டில் விழுந்தாள். அப்போதுதான் வீடே அழுதது.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். எல்லாரும் போட்ட பிறகு சொக்கம்மாள் முறை வந்தது. அரிசியை உதட்டில் வைத்துவிட்டு, எழுந்திருக்காமல் அவர் காதுப் பக்கம் குனிந்தாள். கல்யாணமான நாளிலிருந்து வண்டி கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்லியிருக்கிறாள். சண்டை போட்ட நாளில்கூட வெறும் "போங்க" சொன்னதில்லை. எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள்.

"போங்க," என்றாள் அவர் காதில். "திரும்பிப் பாக்காதீங்க. பிள்ளைய விட்டுருங்க."

சொல்லிவிட்டு இமையை மூடி, விரலை எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தாள். பாடைக்குத் தூக்குகிறவர்கள் வந்து கையை விலக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சங்கு ஊதிற்று. பாடை தெருவில் இறங்கியது. பின்னால் மாடன் அந்த டயரைக் கையால் தட்டித் தட்டி உருட்டிக்கொண்டு போனான். முனை திரும்புகிற வரை அது ஓர் ஆட்டமும் ஆடாமல் உருண்டது. பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

"யம்மா," என்றாள் குழல்வாய்மொழி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அப்பா காதுல என்னம்மா சொன்ன?"

சொக்கம்மாள் மகளைத் தன் பக்கம் இழுத்தாள். ஜீப்பில் சாரல் அடித்து அவள் தலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஈரத் தலையோட நிக்காதட்டி," என்று முந்தானையை எடுத்துத் துவட்ட ஆரம்பித்தாள். முந்தானையும் நனைந்துதான் இருந்தது.