காலி செல்

ஐந்தாம் நம்பர் செல்லில் நேர்முனையே கிடையாது. மற்ற அலுமினிய பேட்டரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஆய்வக மாணவி சூ-யிங் வேண்டுமென்றேதான் அதைக் காலியாக மூடியிருந்தாள். உள்ளே ஓர் அலுமினியத் தகடும் அரிக்கும் உப்புத் திரவமும்தான். அது பிணம் மாதிரி கிடந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று நாளாக மின்சாரத்தை வாங்கி, ஒழுங்காகத் திருப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தது.

"மெஷின் அடம்பிடிக்காம இருக்க ராசிக்குன்னு மேல வச்ச பச்சைக் கலர் பொரிப் பாக்கெட்டை எவன் தின்னான்?" என்று கத்தினாள்.

"நான் தொடலம்மா. பேய்ங்க ஊருக்குள்ள வர்ற மாசம் பொறந்தாச்சுல்ல, ஏதாவது ஒண்ணு வந்து தின்னிருக்கும்," என்று சிரித்தான் சீனியர் வென்-ஹாவ்.

திரையில் ஐந்தாம் செல்லின் கணக்கைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. இருவரும் செல்லைப் பிரித்தார்கள். எஃகு உறையின் உட்புறம் எலி கொறித்ததுபோல் குழிகுழியாக இருந்தது. தின்ன எதுவும் கிடைக்காத செல், தான் குடியிருந்த வீட்டையே தின்று மின்சாரம் காட்டியிருக்கிறது.

"அண்ணே, நம்ம நல்ல செல்லுக்கும் இதே உறைதானே?"

போன வாரம் சாதனை என்று ஊருக்கெல்லாம் அறிவித்த அந்த நல்ல செல்லின் மின்சார வரைகோட்டை எடுத்து, காலி செல்லின் கோட்டின்மேல் வைத்தாள் சூ-யிங்.

திரையில் ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது.