நூல் கோக்காத ஊசி

கணைய வீக்கத்தில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்ட தையற்காரருக்கு, நிமிர்ந்தாலே வலி முதுகுவரை பாய்ந்தது. குனிந்து உட்கார்ந்தால் சற்று அடங்கியது. சொன்னால் மனைவி மறுபடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போவாள் என்ற பயத்தில், கடையில் தையல் மெஷின்மேல் கவிழ்ந்தே கிடந்தார். முப்பது வருஷச் சோம்பேறிக்கு ஒரே வாரத்தில் உழைப்பாளிப் பட்டம். தெருவே மெச்சியதில் அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மாத்திரையோடு வந்த மனைவி ஊசியைப் பார்த்தாள்.

"ஏங்க, நூலே கோக்கல. காலையிலருந்து காத்தையா தைக்கிறீங்க?"

"மெஷின் ஓடுதான்னு பாத்தேன்."

"மெஷின் நல்லாத்தான் ஓடுது. உங்களுக்கு எங்க வலிக்குது?"

காட்ட நிமிரப் பார்த்தார்; முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனா உழைப்பாளிங்கற பேரு போயிடுமேடி."

"அது உங்க வலி எனக்குத் தெரியாததால வந்த பேரு. எந்திரிங்க" என்று தோளைக் கொடுத்தாள்.