வாரிசு தேடி மலையேறியவன்

பேராசிரியர் பியோனின் ஆய்வகத்தில் முனைவர் பட்டம் வாங்க ஆராய்ச்சி மட்டும் போதாது. தன் இடத்தில் இன்னோர் ஆளைக் கட்டிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கியு-தேயின் ஆய்வேடு எப்போதோ தயார், பேராசிரியர் கையெழுத்துதான் பாக்கி. ஆய்வகத்தின் கிழட்டு வெற்றிட இயந்திரம் அவன் ஒருவன் சொன்னால்தான் கேட்கும். "இதப் பாத்துக்க ஒருத்தரப் புடிச்சுக் குடு, மறுநாளே கையெழுத்து" என்று பியோன் சொல்லியிருந்தார். மார்ச்சில் வந்து சேரும்படி ஒரு பேட்டரி கம்பெனி அவனுக்கு இடம் ஒதுக்கியிருந்தது.

ஆள் பிடிக்கும் இடம், தேஜோன் நகரத்துக்குப் பக்கத்து மலை. இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் பியோன் மலையேறுவார். மாணவர்கள் விருப்பப்பட்டால் வரலாம். விருப்பப்படாத மாணவர் எவரும் இதுவரை பட்டம் வாங்கியதில்லை. இந்த முறை, முனைவர் படிப்புக்கு இடம் தேடிக்கொண்டிருந்த பட்டப்படிப்பு இறுதியாண்டு மாணவி ஹே-வோனும் வந்திருந்தாள்.

பேராசிரியர் ஆடு போல முன்னால் ஏறிப் போக, கியு-தே அவளோடு பின்தங்கினான்.

"சீனியர், உண்மையச் சொல்லுங்க. சார் எப்படி?"

"தங்கமான மனுஷன்."

"லீவு?"

"கேட்டா குடுத்துருவாரு." கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை என்பதை அவன் சொல்லவில்லை.

"முடிக்க எத்தன வருஷம் ஆகும்?"

"அது நம்ம கையிலதான் இருக்கு" என்றான் அந்த எட்டாம் வருஷக்காரன், கூசாமல்.

"முடிச்சா வேல?"

"என்னையே பாரேன், பேட்டரி கம்பெனில எடம் போட்டு வெச்சிருக்காங்க. நாந்தான் இந்த லேப விட்டுப் போக மனசு வராம கெடக்கேன்."

அந்தக் கடைசிப் பேச்சு தேவையே இல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பொய்க்கு ஆசைப்பட்டு மெருகு போட்டான். அடுத்த வளைவில் பியோன் ஷூ கயிறு கட்ட உட்கார்ந்திருந்தார்.

அடிவாரக் கடையில் வெங்காயத்தாள் அடையும் அரிசிக்கள்ளும் வந்தன. கியு-தே இரண்டு கையாலும் கள் ஜாடியைப் பிடித்துப் பேராசிரியருக்கு ஊற்றினான். பியோனின் கண் கலங்கியிருந்தது.

"என் லேபப் பத்தி இவ்ளோ பாசமா யாரும் பேசி நான் கேட்டதில்லடா. போக மனசில்லன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? இன்னும் ஒரு வருஷம் இரு, ஹே-வோனுக்கு நீயே எல்லாத்தையும் கத்துக்குடு. கம்பெனியப் பத்திக் கவலப்படாத. அங்க இருக்கிறவன் என் பழைய மாணவன்தான். மலையிலேர்ந்தே போன் போட்டுச் சொல்லிட்டேன், நீ வரமாட்டேன்னு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது பாம்புக்கு நன்றி சொல்லும் கட்டாயம் இல்லை. கியு-தே எழுந்து இடுப்பை வளைத்து, "ரொம்ப நன்றி சார்" என்றான். ஹே-வோன் அடையை மென்றபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் அவள் மெதுவாக அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சீனியர், தப்பா நெனைக்காதீங்க. அந்த பேட்டரி கம்பெனி வேல இப்ப காலிதானே? டிகிரி மட்டும் முடிச்சவங்கள எடுப்பாங்களா?"