இரண்டு நோய்க்கு ஒரே கதாநாயகி

1

இந்தக் கதை என் அக்கா விட்ட திட்டில் பிறந்தது. "ஊர்ல இருக்கிறவங்க கதையெல்லாம் எழுதுறே. என் நுரையீரல் என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றாள். எழுதுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இன்னும் முதல் வரியே படியவில்லை.

அவள் இருமினாள்.

(இந்த வரியை அடித்தாயிற்று. இருமினால் வாசகர் காசநோய் என்று முடிவு கட்டிவிடுவார். மருத்துவர்களே முதலில் அப்படித்தான் நினைத்தார்கள்.)

நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு காவல்படை. அது சில சமயம் சொந்த வீட்டுக்குள்ளேயே புகுந்து...

(வேண்டாம். எல்லா மருத்துவக் கட்டுரையிலும் இந்தக் காவல்படைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் உட்காரட்டும்.)

2

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்துவதுதான் தொழில். மூச்சு வாங்கியபோது, கத்தியதால்தான் என்று நினைத்தாள். நுரையீரலில் ஊசியளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். சார்காய்டோசிஸ். எதிர்ப்பு அணுக்கள் எதற்கோ மிரண்டு கூட்டம் கூடி, சின்னச் சின்ன முடிச்சுகளாக உட்கார்ந்துகொள்ளும் நோய். எதற்கு மிரண்டன என்று யாருக்கும் தெரியாது. ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கியது.

அப்பாடா என்று நிமிர்ந்தபோது விரல் மூட்டெல்லாம் வீங்கியது. காலையில் கார் சாவியைத் திருப்ப முடியவில்லை. மூச்சு டாக்டர் (பெயர் வைத்தது அக்கா) எதிர் அறை மூட்டு டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மா ரத்தத்தைச் சோதித்து, "இது முடக்குவாதம். வேற நோய்," என்றார்.

"மேடம், ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. அப்புறம் இது எதுக்கு?"

"ரெண்டும் சேர்ந்து வர்றவங்க உண்டும்மா. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வேஷம் போடுறதும் உண்டு. சட்டுனு பிரிச்சுச் சொல்ல முடியாது."

3

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. ஆறு பக்கக் கதையில் இரண்டு நோயை எங்கே வைப்பது? வாசகர் எதற்காகக் கவலைப்படுவார்?

"அக்கா, ஒரு நோயை எடுத்துடட்டுமா? கதை சிக்கலா இருக்கு."

"தாராளமா எடு. எடுத்த கையோட என் உடம்புலேர்ந்தும் எடுத்துடு."

எடுக்கவில்லை.*

* எடுத்துப் பார்த்தேன். மூட்டு நோயை நீக்கியதும் கதை அழகாக நடந்தது. அதில் இருந்தவள்தான் என் அக்காவாக இல்லை.

4

அடுத்து நடந்ததை எழுதும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரல் படம் தெளிவாக இருந்ததால் மூச்சு டாக்டர் ஸ்டீராய்டைக் குறைத்து நிறுத்தினார். மூட்டுக்குத் தேவைப்பட்டால் எதிர் அறை அம்மா தொடரட்டும் என்பது அவர் எண்ணம். அந்த மாத்திரை அவர் பொறுப்பு, நாம் கை வைக்கக் கூடாது என்பது எதிர் அறை அம்மாவின் எண்ணம். இரண்டு நல்லவர்களின் மரியாதைக்கு நடுவில் ஒரு மாத்திரை காணாமல் போனது.

அக்காவுக்கு இது புரியாத விஷயமில்லை. கற்றுக்கொடுக்கும் காரில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், அவளுக்கு ஒரு பிரேக். "ரெண்டு பிரேக் இருக்கிற வண்டியிலதான்டா பயம். அவர் மிதிப்பார்னு நான், நான் மிதிப்பேன்னு அவர். வண்டி பாட்டுக்குப் போயிட்டே இருக்கும்."

சில வாரத்தில் இடது கண் சிவந்தது. தூசி என்றாள். ஒரு நாள் பாடம் நடக்கும்போது, "டீச்சர், சைக்கிள்!" என்று அலறி, கற்றுக்கொள்ள வந்த பேக்கரிக்காரரே பிரேக்கை மிதித்தார். "பாத்தீங்களா, நானே நிறுத்திட்டேன்!" என்று அவருக்கு வாயெல்லாம் பல்.

"சபாஷ்," என்றாள் அக்கா. அவள் கண்ணுக்கு அந்த சைக்கிள் தெரியவே இல்லை.

கண்ணுக்குள்ளே அழற்சி. பெரும்பாலும் நுரையீரல் நோயின் வேலைதான் என்றார் கண் டாக்டர். திரும்பத் திரும்ப வந்தால் பார்வை போகும். பார்வை போனால் அந்த இருக்கையும் போகும்.

5

இரண்டு டாக்டர்களையும் ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு காட்சி எழுதினேன். மன்னிப்பு, தழுதழுப்பு எல்லாம் இருந்தது. அக்கா படித்துவிட்டு, "என்னடா, சம்பந்தம் பேசுறாங்களா?" என்றாள்.

நடந்தது இதுதான். அவள் மூச்சு டாக்டரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போய் எதிர்க் கதவைத் தட்டினாள். "சார், இவங்க மேடம். மேடம், இவர் சார். ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் குடியிருக்கீங்க, என் உடம்புல. கொஞ்சம் பேசிக்குங்க."

பேசினார்கள். ஒரு ஊசி இருக்கிறது, கண், மூட்டு, நுரையீரல் மூன்றையும் அடக்கலாம் என்றார் அந்த அம்மா. ஒப்புக்கொண்ட மூச்சு டாக்டர் தொண்டையைச் செருமினார். அந்த வகை ஊசியே அபூர்வமாகச் சிலருக்கு சார்காய்டோசிஸைக் கிளப்பியும் விடுமாம்.

(இப்படி ஒரு திருப்பத்தை நானாக எழுதியிருந்தால் நீங்களே புத்தகத்தை மூடியிருப்பீர்கள்.)

6

முடிவு அ: ஊசி வேலை செய்தது. அக்கா மறுபடி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து...

(ஆசைப்படுவது தெரிகிறது.)

முடிவு ஆ: ஊசிக்குப் பிறகு படத்தில் புதிய முடிச்சுகள்...

(இதை எழுத மாட்டேன். அவள் என் அக்கா.)

ஊசி போடுவதென்று அவளே முடிவெடுத்துவிட்டாள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறாள். குளிர் விட்டபிறகுதான் போட வேண்டுமாம். கண்ணில் சொட்டு மருந்தோடு என் தாள்களை வாங்கிப் பார்த்தாள்.

"கடைசி எங்கே?"

"எழுதல."

"பயமா?"

"ஆமா."

"எனக்கும்தான். அந்தப் பேனாவை வச்சுட்டு இங்க வந்து உட்காரு."

ஆகவே வாசகரே, மிச்சம் உங்களுடையது. எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள், அவள் பார்வையை மட்டும் பறித்துவிடாதீர்கள். ஊசியில் குளிர் விட்டிருக்கும். நான் அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன், அதற்கு எழுதுகிற இந்தக் கைதான்