காயாத துணி

“பிரசவத்துக்கா, சாதாரணமாவா?”

மருந்துக்கடைக்காரர் இரண்டாவது முறையாகக் கேட்டார். தாரணிக்குப் பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அதில் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக்காரர் ஒருவர், கால் கொப்புளத்துக்குப் பூச மருந்து கேட்டு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். தைப்பூசத்துக்கு இன்னும் நான்கு நாட்கள்தான். பழனியில் எந்தக் கடையிலும் தனியாக நின்று எதையும் கேட்க முடியாத நேரம். நர்ஸ் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு தாரணியின் கைக்குள் கசங்கியிருந்தது. ‘பிரசவ நாப்கின், பெரியது, இரண்டு பாக்கெட்’ என்று அதில் முதல் வரியிலேயே இருந்தது. எடுத்து நீட்டினால் போதும்.

“சாதாரணமாத்தாங்க. எனக்குத்தான்,” என்றாள்.

அவர் அலமாரியிலிருந்து ஊதா நிற பாக்கெட் ஒன்றை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தார். ஹாஸ்டலில் அவள் வழக்கமாக வாங்குவதுதான். மெல்லியது, வாசனை போட்டது, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்கிற இறக்கை வைத்தது. எல்லாம் ஒன்றுதானே என்று சொல்லிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

தாரணிக்குப் பத்தொன்பது வயது. பழனியில் கல்லூரி விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா மணிமேகலைக்கு நாற்பது முடிந்துவிட்டது. கொடைக்கானல் மலையில் உள்ள கிளாவரையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். ஆவணி மாதம் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், “உங்க அம்மாவுக்கு இது எத்தனாவது மாசம்?” என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தாரணிக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான். அம்மா அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தள்ளிப்போட்டிருந்தாள். பாதி இலையில் எழுந்து கை கழுவிவிட்டு பஸ் ஏறியவள்தான், அதன்பின் ஊர்ப்பக்கம் போகவில்லை. தீபாவளிக்குப் பரீட்சை என்றாள், பொங்கலுக்குக் காய்ச்சல் என்றாள். அம்மா போன் செய்தால் அணையும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வரும்: கல்யாண வயசில் பெண்ணை வைத்துக்கொண்டு இவர்களுக்கு என்ன?

வயதையும் ரத்த அழுத்தத்தையும் காரணம் சொல்லி, மலைமேல் பிரசவம் வேண்டாம், கீழே கொண்டுபோய்விடுங்கள் என்று கொடைக்கானல் டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு வாரம் முந்தியே வலி வந்துவிட்டது. கூட வருவதாகச் சொல்லியிருந்த அத்தை சின்னத்தாயி, கடைசி நேரத்தில் பூண்டுக்குக் களை எடுக்கிற சோலி கெடக்கு என்று நின்றுகொண்டாள். அவளுக்கும் வெட்கம்தான், அது எல்லோருக்கும் தெரிந்ததே. அப்பா வேலப்பன் மட்டும் ஜீப்பில் கூட்டிக்கொண்டு இறங்கினார். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தாரணிக்குப் போன் செய்து, “வெரசா வா தாயி. உள்ள பொம்பளையாளு ஒருத்தர் இருக்கணுங்கிறாங்க. எனக்கு வேற யாருமில்ல,” என்றார். விடுதிக் காப்பாளரிடம் சொந்தக்காரர் ஒருவருக்குப் பிரசவம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் வந்து சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சுகப்பிரசவம், ஆனால் நாலைந்து தையல். கடையிலிருந்து திரும்பியதும் பாக்கெட்டைக் கட்டிலோரப் பெட்டிமேல் வைத்து, “இந்தா,” என்றாள். ஐந்து மாதத்தில் அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை. மணிமேகலை பாக்கெட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். “சரித்தா,” என்றாள். துணியில் சுற்றியிருந்த குழந்தை பக்கத்தில் முனகியது. தாரணி ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு போனைப் பார்க்க ஆரம்பித்தாள். இடையில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை கழிப்பறைக்குப் போய்வந்தாள். கூட வரவா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

மறுநாள் காலை, சீட்டு எழுதிக் கொடுத்த லீலா சிஸ்டர் பார்வையிட வந்தார். போர்வையை விலக்கியதும் அவர் முகம் மாறியது. விரிப்பில் அகலமாக ரத்தக்கறை. மணிமேகலையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாடி பிடித்தார், எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். எத்தனை நாப்கின் மாற்றினீர்கள் என்று கேட்டபோது மணிமேகலை தலையைத் திருப்பிக்கொண்டாள். நேற்று சாயங்காலம் வைத்தது ஒன்றுதான். இதுவரை மாற்றவே இல்லை.

“இப்பிடி ஒண்ணையே வச்சிருந்தா எவ்வளவு போகுதுன்னு நாங்க எப்பிடிம்மா கண்டுபிடிக்கிறது? சீட்டுல எழுதிக் குடுத்தேனே, எங்க அது? யார் வாங்குனது இதை?”

தாரணி ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

“நாந்தான் சிஸ்டர் சின்னதா வாங்கியாரச் சொன்னேன்,” என்றாள் மணிமேகலை. “அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

அதற்குப் பிறகு நடந்ததைத் தாரணி கண்ணால் பார்த்தாள். நாப்கினை ஒட்டவைக்க அம்மா உள்ளே எதுவும் போட்டிருக்கவில்லை. எப்போதுமே போடுகிறவளில்லை. பழைய பாவாடை நாடாவைக் கிழித்து, நாப்கினின் இரண்டு முனையிலும் முடிச்சிட்டு இடுப்பில் கட்டியிருந்தாள். அது முறுக்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டது. அதன் மேற்பரப்பில் இருந்த பிளாஸ்டிக் வலை காய்ந்த ரத்தத்தோடு தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டர் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நனைத்து எடுத்தார். அம்மா கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. தாரணி தண்ணீர்க் குவளையைப் பிடித்தபடி நின்றாள்.

ரத்தப்போக்கு பயப்படுகிற அளவில் இல்லை, தையலும் பிரியவில்லை என்றார் சிஸ்டர். வராந்தாவுக்கு வந்ததும் குரலைத் தணித்தார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு மணி நேரத்திலேயே ஒன்று முழுக்க நனைந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, நாற்றம் அடித்தாலோ உடனே வந்து சொல்ல வேண்டும். “அவங்க கேக்க மாட்டாங்க. நீதான் பாக்கணும்,” என்றார்.

உள்ளே வந்து ஏன் மாற்றவில்லை என்று அம்மாவிடம் கேட்டாள். “நீ போனைப் பாத்துக்கிட்டிருந்த. உன்னய எப்பிடிக் கூப்புடுறது,” என்றாள் அம்மா. குறையாகச் சொன்ன மாதிரி இல்லை. அதனால்தான் தாரணிக்குத் தாங்கவில்லை.

அதே கடைக்குப் போனாள். இந்த முறை சீட்டை விரித்துக் கண்ணாடிமேல் வைத்து, “எங்க அம்மாவுக்குப் பிரசவம் ஆயிருக்கு. தையல் இருக்கு. எது நல்லதுன்னு சொல்லுங்க,” என்றாள். கடைக்காரர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி சுசித்ரா என்று கூப்பிட்டார். அவர் மனைவி புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு இதெல்லாம் அன்றாடம். மூன்று விதத்தை எடுத்துப் பிரித்தே காட்டினாள். ஒன்று நீளமாக, தலையணை மாதிரி தடிமனாக, ஒட்டுகிற வகை. ஒன்று ஜட்டி மாதிரியே போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் கிழித்து எடுத்துவிடலாம். இன்னொன்றில் இரண்டு முனையிலும் வளையம் இருந்தது, இடுப்பில் மாட்டிக்கொள்ள எலாஸ்டிக் பெல்ட்டும் கூடவே வந்தது.

“தையல் இருந்தா மேல பஞ்சுத்துணி மாதிரி இருக்கணும். தொட்டுப் பாரு. வலை வேண்டாம், வாசனையும் வேண்டாம், எரியும். அம்மா உள்ள ஜட்டி போடுவாங்களா?”

காலையில் கண்ட பிறகுதான் தாரணியால் அதற்குப் பதில் சொல்ல முடிந்தது. நேற்றுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்காது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். அவள் வயசுக்கு வந்தபோது அம்மா கொடைக்கானல் போய் நாப்கின் வாங்கிவந்து, உறையைப் பிரித்து, எப்படி ஒட்டுவது என்று தப்பும் தவறுமாகக் காட்டிக்கொடுத்தாள். அம்மா என்ன வைத்துக்கொள்கிறாள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பெல்ட் வகையில் நான்கு பாக்கெட் வாங்கினாள். ஆறு வாரம் வரைக்கும் வரும், போகப் போகக் குறையும், கடைசியில் சின்னது போதும் என்று சுசித்ரா சொன்னதைப் போனில் குறித்துக்கொண்டாள். கறுப்புப் பை வேண்டாம், கையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பை பத்தவும் பத்தாது.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, பெல்ட்டை அம்மாவின் இடுப்பில் மாட்டி வளையங்களைக் கோத்தாள். சுருக்கம் விழுந்த, இன்னும் வடியாத வயிறு. அதைத் தொடும்போது கை கூசும் என்று நினைத்திருந்தாள். கூசவில்லை, சூடாக இருந்தது.

“மெத்துனு இருக்கு,” என்றாள் மணிமேகலை.

“உனக்குத் துணிதான் பழக்கம்னா சொல்லியிருக்கலாம்ல. நான் பாட்டுக்குக் கண்டதையும் வாங்கியாந்துட்டேன்.”

“துணி வேணாம்த்தா,” என்று அம்மா வெடுக்கென்று சொன்னாள். பிறகு மெல்ல மெல்ல அந்தக் கதையைச் சொன்னாள். தாரணி பிறந்தது கிளாவரையில், வீட்டிலேயே, ஐப்பசி அடைமழையில். பதினைந்து நாள் வெயில் முகமே இல்லை. துவைத்த துணியை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். புகை ஏறுமே தவிர ஈரம் போகாது. ஆண்கள் கண்ணில் படக்கூடாதென்று அதன்மேல் ஒரு புடவை வேறு. அந்த ஈரத்துணியைத்தான் வைத்துக்கொண்டாள். எட்டாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. பத்தாம் நாள் நினைவில்லை. டோலி கட்டி ரோடு வரைக்கும் தூக்கிப்போய், அங்கிருந்து லாரியில் கொடைக்கானல் கொண்டுசேர்த்தார்கள். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த ஒரு மாதமும் தாரணிக்குப் பால் கொடுத்தது சின்னத்தாயி அத்தை. கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருந்தது, உயிர் பிழைத்ததே பெரிது, இனிமேல் குழந்தை தங்குவது சந்தேகம் என்று டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். துணியால்தான் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. அம்மாவாக நினைத்துக்கொண்டதுதான். இடையில் மூன்று தடவை உண்டாகி மூன்றும் கலைந்திருக்கிறது. ஒன்று தாரணி நான்காம் வகுப்புப் படிக்கும்போது. அம்மாவுக்கு வயிற்றுவலி என்று அவளை அத்தை வீட்டில் படுக்கவைத்தார்களே, அன்றைக்கு.

“ஊர்ல எல்லாரும் கேப்பாங்க, ஒத்தப் புள்ளையோட நிறுத்திட்டீங்களான்னு. ஆமான்னு சொல்லிருவேன். நாங்க நிறுத்தல தாயி. எதுவும் நிக்கல.”

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டில் சோற்றைப் பிசைகிற சத்தம் கேட்டது. தாரணி நனைந்த நாப்கினைச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டு போய்ச் சிவப்புக் கூடையில் போட்டாள். குழாயடியில் கையைக் கழுவினாள். சோப்பு போன பிறகும் தண்ணீரைத் திறந்துவிட்டபடியே நின்றிருந்தாள். கல்யாணப் பந்தியில் சிரித்த அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஏதாவது பதில் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள். எதையும் சொல்லத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது குழந்தை விழித்திருந்தது. முதல்முறையாக அதை நேராகப் பார்த்தாள். காதோரம் அடர்த்தியாக முடி.

நான்காம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். தாரணி விடுதிக்குப் போய் அம்மாவுக்குப் பிரசவம் என்று எழுதிக் கொடுத்துப் பத்து நாள் விடுப்பு வாங்கினாள். காப்பாளர் மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும் என்றிருந்தாள். நான்கு பாக்கெட்டோடு இன்னும் நான்கு சேர்ந்திருந்தது. ஊரில் கழித்த நாப்கினைப் புதைக்க எங்கே குழி வெட்டுவது, மண் நனைந்தால் எப்படி எரிப்பது என்றெல்லாம் அப்பாவிடமே கேட்டாள். அவர் முதலில் வேறெங்கோ பார்த்தார். பிறகு, வெள்ளனே எந்திரிச்சு நானே வெட்டித் தாரேன் என்றார்.

ஊர்க்காரர் ஜெயமுருகனின் ஜீப் வந்திருந்தது. சவரிக்காடு தாண்டி வளைவுகள் நெருங்கியபோது அம்மா சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு லேசாகத் தூக்கித் தூக்கி உட்கார்ந்தாள். தாரணி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி நேரம் தாண்டியிருந்தது. இந்த முறை அம்மா கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. “அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க,” என்றாள்.

கடை கண்ணி எதுவும் இல்லாத இடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சவுக்குமரச் சரிவு. ஜெயமுருகன் இறங்கி முன்னால் நடந்துபோய் முதுகைக் காட்டி நின்றார். அப்பா குழந்தையை வாங்கித் துண்டுக்குள் பொத்திக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். தாரணி பையிலிருந்து அம்மாவின் புடவையை எடுத்து இரண்டாக மடித்து, ஜீப்பின் பின்கதவுக்கும் பாறைக்கும் நடுவே இரண்டு கையையும் விரித்துப் பிடித்தாள். அந்தப் பக்கம் அம்மா வளையத்தைக் கழற்றுவதும், காகிதம் சரசரப்பதும் கேட்டது.

“கை வலிக்குமே.”

“நீ மெதுவா மாத்து. அவசரமில்ல.”

மேலேயிருந்து சுற்றுலா வேன் ஒன்று இறங்கி வந்தது. வளைவில் ஜீப் நிற்பதால் வேகத்தைக் குறைத்தது. ஜன்னல்கள் நிறைய முகங்கள். பள்ளத்திலிருந்து ஏறிய காற்று புடவைக்குள் புகுந்து தாரணியைப் பின்னால் தள்ளியது. அவள் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, புடவையைத் தோளுக்கு மேலே இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.